கேட்டதும் வந்ததும்: மருந்துக் கிடங்கிலிருந்து ஒரு பாடம்

வாசிக்க வேண்டிய வேதபகுதிகள்: யாத்திராகமம் 36:2-7, அப்போஸ்தலர் 11:27-30, 2 கொரிந்தியர் 8:18-21, 2 தீமோத்தேயு 4:9-13, 21

கிறிஸ்துவுக்குள் அன்பான பங்காளர்களே,

இந்தச் செய்திமடலில் நீங்கள் வழக்கமாக வார்டுகளிலிருந்தும் அறுவை அரங்கிலிருந்தும் வரும் சாட்சிகளை வாசிக்கிறீர்கள். இம்முறை உங்களை மருத்துவமனையின் பின்புறத்தில் இருக்கும் மருந்துக் கிடங்குக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அங்கே அற்புதங்கள் நடப்பதாக ஒருவரும் எண்ணுவதில்லை. ஆனால் அங்கே ஒரு அலமாரி காலியாக இருந்தால், வார்டில் எத்தனை திறமையான டாக்டர் நின்றாலும் அவர் கை கட்டப்பட்டிருக்கும்.

இதனைக் குடும்ப ஜெபத்திலும், பெண்கள் ஐக்கிய சங்கத்திலும், வாலிபர் கூட்டத்திலும் ஒரு பாடமாகப் பயன்படுத்தலாம். கலந்து பேசக் கேள்விகள் முடிவில் தரப்பட்டுள்ளன.

ஒரு துணிப்பை

சில ஆண்டுகளுக்கு முன், காலை ஆராதனை முடிந்து நான் கிடங்கைத் திறந்தபோது, வயதான தாயார் ஒருவர் வாசலில் காத்திருந்தார்கள். கையில் ஒரு துணிப்பை. அதற்குள் அவர்களுடைய கணவர் சாப்பிட்டு மீதியிருந்த மாத்திரைகள், ஒரு பாதி டானிக் பாட்டில், காகிதத்தில் சுற்றிய இரண்டு இன்சுலின் குப்பிகள்.

"அவர் ஆண்டவரிடம் போய்விட்டார் தம்பி. இவ்வளவும் விலை கொடுத்து வாங்கினது. வீணாகக் கூடாது. யாராவது ஏழைக்குக் கொடுங்கள்" என்றார்கள். மூன்று பஸ் மாறி வந்திருந்தார்கள்.

அந்தப் பையிலிருந்த ஒன்றையும் நான் ஒரு நோயாளிக்குக் கொடுக்க முடியாது. வெட்டப்பட்ட அட்டைகளில் காலாவதித் தேதி போயிருந்தது. இன்சுலின் குளிர்பெட்டியை விட்டு வெளியே எத்தனை நாள் இருந்ததென்று அவர்களுக்கே தெரியாது. திறந்த பாட்டிலில் என்ன விழுந்திருக்கும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆனாலும் நான் இதை அவர்களிடம் சொல்லவில்லை. "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார் அம்மா" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டேன். அவர்கள் மனநிறைவோடு திரும்பிப் போனார்கள். நான் அந்தப் பையை மருத்துவக் கழிவோடு சேர்த்து அழிக்க அனுப்பினேன்.

அன்பினால் கொடுத்தார்கள், அன்பினால் வாங்கினேன். ஆனாலும் நடந்தது சரியல்ல என்று என் மனச்சாட்சி சொல்லிக்கொண்டே இருந்தது. தவறு எங்கே? அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப்போகிறோம்.

1. அதே பை, ஆயிரம் மடங்கு பெரிதாக

இது ஒரு கிராமத்துத் தாயார் மட்டும் செய்கிற காரியம் அல்ல. பெரிய தேசங்களும் செய்திருக்கின்றன.

1988 டிசம்பர் 7-ஆம் தேதி அர்மீனியாவில் பெரும் பூமியதிர்ச்சி உண்டாயிற்று. உலகமெங்குமிருந்து மருந்தும் மருத்துவப் பொருள்களுமாக 5,000 டன்னுக்குக் குறையாமல் வந்து குவிந்தது. ஆனால் வந்த மருந்துகளில் உடனே பயன்படுத்தக்கூடியவை ஏறக்குறைய 30 சதவீதம் மட்டுமே. மற்றவை பெயர் புரியாதவை, தரம் பிரிக்கப்படாதவை, காலம் கடந்தவை. என்ன வந்திருக்கிறது என்று தெளிவாக அறிந்துகொள்வதற்கே 50 பேர் 6 மாதம் உழைக்க வேண்டியதாயிற்று. இடிபாடுகளில் காயம்பட்டவர்கள் 6 மாதம் காத்திருப்பார்களா?

1992 முதல் 1996 வரை போஸ்னியாவில் யுத்தம் நடந்த காலத்திலும் பின்பும் அனுப்பப்பட்ட மருந்துகளில் பாதிக்கு மேல் பொருத்தமற்றவை என்று ஒரு மருத்துவ ஆய்வு 1997-இல் தெரிவித்தது. 1996-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் சுமார் 17,000 டன் பயனற்ற மருந்து அங்கே கிடங்குகளையும் மருத்துவமனைகளையும் அடைத்துக்கொண்டிருந்தது. அதை அழிப்பதற்கே ஏறக்குறைய 3 கோடியே 40 இலட்சம் டாலர் செலவாகும் என்று கணக்கிட்டார்கள்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதியை நம்மில் யார் மறப்போம்? நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அடித்த அதே சுனாமி, இந்தோனேசியாவின் ஆச்சே பகுதியை அதைவிடக் கொடுமையாக அழித்தது. அந்தப் பகுதிக்கு 4,000 டன் மருந்து வந்து சேர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் லேபிள், அங்குள்ள மருந்தாளுநர்களுக்குப் புரியாத மொழியில் இருந்தது.

இந்த மூன்று இடங்களிலும் பற்றாக்குறை அன்பில் அல்ல. அனுப்பியவர்கள் கண்ணீரோடு அனுப்பினார்கள். பற்றாக்குறை ஒரே ஒரு காரியத்தில்தான்: அங்கே இருப்பவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு அறிந்து அனுப்பவில்லை.

2. சரியான பொருள் கிடைப்பது ஏன் கடினம்?

"அப்படியானால் தேவையானதைக் கடையில் வாங்கிவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மிஷன் மருத்துவமனைகளும் தர்ம ஸ்தாபனங்களும் பொருள் வாங்குவதில் சந்திக்கிற தடைகளில் ஐந்தை மாத்திரம் இங்கே கூறுகிறேன்.

(அ) சிறிய ஆர்டருக்கு மதிப்பில்லை. பெரிய ஆஸ்பத்திரிகள் லாரிக்கணக்கில் வாங்குகின்றன. நாம் பெட்டிக்கணக்கில் வாங்குகிறோம். தட்டுப்பாடு வரும்போது வியாபாரி முதலில் யாருக்குக் கொடுப்பார் என்று சொல்லத் தேவையில்லை. விலையிலும் நமக்குச் சலுகை குறைவு.

(ஆ) சங்கிலி நீளமானது. நாம் வாங்கும் ஒரு காய்ச்சல் மாத்திரைக்குப் பின்னால் பல நாடுகள் இருக்கின்றன. இந்திய மருந்துத் தொழிற்சாலைகள் தங்கள் மூலப்பொருள்களில் பெரும்பங்கைச் சீனாவிலிருந்து பெறுகின்றன. 2020-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கொரோனாவினால் சீனாவில் ஆலைகள் மூடப்பட்டன. அந்த மார்ச் 3-ஆம் தேதி இந்திய அரசு, பாராசிட்டமால் உட்பட 26 மருந்துகளையும் மூலப்பொருள்களையும் ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு விதித்தது. சொந்த மக்களுக்குத் தட்டுப்பாடு வரக்கூடாது என்பது அதன் நோக்கம். அடுத்த மாதத்தில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆயினும் இந்திய மருந்தையே நம்பியிருக்கும் ஆப்பிரிக்க மிஷன் மருத்துவமனைகளுக்கு அது எப்படிப்பட்ட செய்தியாக இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். கையில் பணம் இருந்தாலும் பொருள் கப்பலேற வேண்டுமே!

(இ) சில மருந்துகளைச் செய்வாரே இல்லை. ஆப்பிரிக்காவின் கொடிய பாம்புகள் பத்தின் விஷத்துக்கு எதிராக ஒரு நல்ல முறிவு மருந்து பிரான்சில் தயாரிக்கப்பட்டு வந்தது. இலாபம் இல்லை என்று 2014-இல் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. கடைசியாகச் செய்யப்பட்ட குப்பிகள் 2016 ஜூன் மாதத்தில் காலாவதியாயின. ஒரு தேசத்துப் பாம்புக்கான மருந்து இன்னொரு தேசத்துப் பாம்புக்குப் பெரும்பாலும் உதவாது. ஆகவே வேறிடத்தில் வாங்கிச் சமாளிக்கவும் முடியாது.

இதில் நம் தமிழ்நாட்டுக்குத் தேவன் ஒரு கிருபை செய்திருக்கிறார். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் சேர்த்து இந்தியாவிலேயே முறிவு மருந்து செய்யப்படுகிறது. அதற்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தருபவர்கள் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார். சமுதாயம் கடைசியில் நிறுத்திய மக்களின் கையிலிருந்து இந்தியா முழுவதற்கும் உயிர் மருந்து புறப்படுகிறது! ஆனாலும் கடிபட்ட ஒருவருக்கு முதல் தவணையிலேயே 8 முதல் 10 குப்பிகள் தேவைப்படலாம். ஒரே இரவில் இருவர் வந்தால் அலமாரி காலி. நம் தேசத்தில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தார்கள் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் மிகுதியானோர் கிராமத்து ஏழைகள்.

(ஈ) மலிவானதெல்லாம் நல்லதல்ல. ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் புழங்கும் மருத்துவப் பொருள்களில் பத்தில் ஒன்று தரம் குறைந்தது அல்லது போலியானது என்று உலக சுகாதார நிறுவனம் 2017-இல் மதிப்பிட்டது. ஏழையின் பெயரால் மலிவாக வாங்கி, ஏழைக்கே வேலை செய்யாத மருந்தைக் கொடுத்தால் அது தர்மம் ஆகாது.

(உ) சட்டமும் துறைமுகமும். வெளிநாட்டிலிருந்து மருந்து இறக்குமதி செய்ய 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். வெளிநாட்டார் தரும் உதவி பணமாக வந்தாலும் பொருளாக வந்தாலும் 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு உட்பட்டது. கணக்குக் காட்டியாக வேண்டும். ஒரு ஸ்தாபனம் பெற்ற வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு ஸ்தாபனத்துக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது என்று 2020-இல் திருத்தம் வந்தது. இவை அனைத்துக்கும் கீழ்ப்படிவது நம் சாட்சியின் ஒரு பகுதி. ஆனால் முன்கூட்டிக் கேளாமல் அனுப்பிய பெட்டி துறைமுகத்தில் நின்றால், ஒவ்வொரு நாளும் அதற்கு வாடகை ஏறும். இலவசமாக வந்த பெட்டி, விலைக்கு வாங்கியதைவிட அதிகச் செலவு வைக்கும்.

இயந்திரங்களைக் குறித்தும் ஒரு வார்த்தை. 16 நாடுகளின் மருத்துவமனைகளில் இருந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளின் பட்டியலை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார்கள். அவற்றில் 38 சதவீதம் வேலை செய்யாமல் நின்றன. பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர் இல்லாததும், பராமரிக்க ஏற்பாடு இல்லாததும், மின்சாரம் போன்ற வசதிகள் குறைவாயிருந்ததும் காரணங்கள். அமெரிக்காவில் 120 வோல்ட்டில் ஓடிய இயந்திரத்தை நம் 230 வோல்ட்டில் அப்படியே மாட்டினால் என்ன ஆகும் என்று எலக்ட்ரீஷியனைக் கேட்கத் தேவையில்லை, புகையே சொல்லும்.

3. வேதம் என்ன கற்பிக்கிறது?

முதலாவது, தெளிவாய்க் கேட்ட பவுல். இரண்டாம் தீமோத்தேயு நிருபம் சிறையிலிருந்து எழுதப்பட்டது. அதன் கடைசி அதிகாரத்தில் விசுவாச ஓட்டத்தை முடித்ததைக் குறித்து உன்னதமான வார்த்தைகள் இருக்கின்றன. அதற்குச் சில வசனங்கள் தள்ளி, அதே அப்போஸ்தலன் தனக்கு ஒரு மேலங்கி வேண்டும் என்று எழுதுகிறார். நான் கிடங்கில் வேலை செய்கிறவன் என்பதால் அந்த வசனத்தைப் படிக்கும்போதெல்லாம் ஒரு நல்ல இண்டெண்ட் சீட்டைப் பார்ப்பதுபோல் இருக்கிறது. என்ன பொருள்? மேலங்கியும் புத்தகங்களும், முக்கியமாகத் தோற்சுருள்களும். எங்கே இருக்கிறது? துரோவாவில். யாரிடத்தில்? கார்ப்பு என்பவரிடத்தில். யார் கொண்டுவர வேண்டும்? தீமோத்தேயு. எப்போது? 21-ஆம் வசனத்தில், குளிர் தொடங்குமுன் வந்து சேரும்படி கேட்கிறார். குளிர்காலம் முடிந்தபின் வரும் மேலங்கியினால் என்ன பயன்?

பவுல் "உன்னால் ஆனதை அனுப்பு" என்று எழுதியிருக்கலாம். அது தாழ்மையாகவும் தோன்றியிருக்கும். ஆனால் அப்படி எழுதவில்லை. தேவையைத் தெளிவாய்ச் சொல்லுவது பேராசை அல்ல. கொடுப்பவருக்குச் செய்யும் மரியாதை.

இரண்டாவது, போதும் என்று சொன்ன மோசே. யாத்திராகமம் 36-ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் காலைதோறும் காணிக்கை கொண்டுவந்துகொண்டே இருக்கிறார்கள். வேலை செய்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு மோசேயிடம் வந்து, தேவைக்கு அதிகமாய் வருகிறது என்று சொல்லுகிறார்கள். இதைக் கவனியுங்கள்: பொருள் அதிகமானபோது வேலை நின்றது! மோசே பாளயமெங்கும் அறிவித்து, கொண்டுவருவதை நிறுத்துகிறார். காணிக்கையை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்! ஆனால் அந்த உண்மையினால் ஒருவரும் புண்படவில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலை நடந்தது.

மூன்றாவது, முன்கூட்டிச் செயல்பட்ட அந்தியோகியா சபை. பஞ்சம் வரப்போகிறது என்று அகபு அறிவித்தவுடன், அந்தியோகியாவின் சீஷர்கள் அவரவர் திராணிக்குத் தக்கதாகச் சேர்த்தார்கள். அதை யூதேயாவிலுள்ள மூப்பர்களிடத்தில், பர்னபா, சவுல் என்னும் நம்பிக்கையானவர்கள் கையில் கொடுத்தனுப்பினார்கள். எதற்கு எவ்வளவு செலவிட வேண்டும் என்பதை அங்கே இருக்கிற மூப்பர்கள் அறிவார்கள் என்று விட்டுவிட்டார்கள். பிற்பாடு கொரிந்து சபையிலும் பவுல் இதே ஒழுங்கைக் காட்டுகிறார். தர்மப்பணத்தைத் தனியே எடுத்துச் செல்லாமல், சபைகள் தெரிந்துகொண்ட சகோதரனையும் கூட்டிச் செல்கிறார். கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் காரியம் சுத்தமாயிருக்க வேண்டும் என்பதே காரணம்.

4. சபைகள் சேர்ந்தபோது

இந்தப் பாடத்தைத் திருச்சபைகள் நம் காலத்தில் நடைமுறையிலும் கற்றிருக்கின்றன.

1977-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. ஏறத்தாழ இருநூறு மருந்துகளைக் கொண்டு ஒரு தேசத்தின் பெரும்பான்மை நோய்களுக்குச் சிகிச்சை செய்யலாம் என்று அது காட்டியது. ஆயிரம் கம்பெனிப் பெயர்களுக்குள் தடுமாறிக்கொண்டிருந்த சிறிய மருத்துவமனைகளுக்கு அது ஒரு விளக்காயிற்று.

1979-இல் உகாண்டாவில் கத்தோலிக்க மருத்துவப் பணியகமும் புராட்டஸ்டண்டு மருத்துவப் பணியகமும் சேர்ந்து, கம்பாலாவில் ஒரு கூட்டு மருந்துக் கிடங்கை ஏற்படுத்தின. 1986-இல் கென்யாவிலும் கத்தோலிக்க, புராட்டஸ்டண்டு சபைகள் சேர்ந்து நைரோபியில் 'மெட்ஸ்' என்னும் மருந்து வழங்கும் நிறுவனத்தைத் தொடங்கின. உபதேசத்தில் வேறுபட்டவர்கள் குளோரோகுவினுக்காகவும் சலைனுக்காகவும் ஒன்றுபட்டார்கள்! ஐம்பது ஆஸ்பத்திரிகள் தனித்தனியே பெட்டிக்கணக்கில் வாங்கினதை ஒன்றுசேர்த்தால் லாரிக்கணக்கு ஆகிறது. விலை இறங்குகிறது. தரம் சோதிக்க ஒரு ஆய்வகம் வைக்க முடிகிறது. மெட்ஸ் நிறுவனம் அப்படி ஒரு ஆய்வகத்தையும் நடத்துகிறது. இவ்விரண்டு ஸ்தாபனங்களும் இன்றுவரை ஊழியம் செய்துவருகின்றன.

நம் தேசத்தில் 1983-இல் குஜராத்தின் வதோதராவில், தர்ம மருத்துவமனைகளுக்குக் குறைந்த விலையில் நல்ல மருந்து செய்து கொடுக்கும்படி 'லோகாஸ்ட்' என்னும் அறக்கட்டளை தோன்றியது. நம் மாநில அரசும் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தது. பட்டியல் போட்டு, மொத்தமாக டெண்டர் கேட்டு, மருந்தைச் சோதித்து, மாவட்டக் கிடங்குகளின் வழியாக அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கும் அந்த முறையை மற்ற மாநிலங்களும் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டன.

கொடுப்பவர்களுக்கும் ஓர் ஒழுங்கு உண்டாயிற்று. 1996-இல் உலக சுகாதார நிறுவனம் மருந்து நன்கொடைக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 1999-இலும் 2010-இலும் அவை திருத்தப்பட்டன. அவற்றின் சாரம் இது: பெறுகிறவர் கேட்டதையே அனுப்ப வேண்டும். நம் நாட்டில் தரமற்றது என்று ஒதுக்குவதை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. நோயாளிகள் திருப்பிக் கொடுத்த மருந்தும், டாக்டர்களுக்கு இலவசமாக வந்த சாம்பிள் மருந்தும் நன்கொடை ஆகாது. மருந்தின் பொதுப்பெயர் எழுதியிருக்க வேண்டும். வந்து சேரும் நாளிலிருந்து பொதுவாக ஓராண்டாவது காலாவதிக்கு இருக்க வேண்டும்.

5. கிடங்கில் போடும் ஒரு கணக்கு

சிறுவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு மாதத்துக்கு 100 சலைன் பாட்டில் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் எழுதின நாளிலிருந்து வந்து சேர 2 மாதம். எதிர்பாராத நெருக்கடிக்கு 1 மாதக் கையிருப்பு வேண்டும். அப்படியானால் அலமாரியில் 300 பாட்டிலாகக் குறையும் நாளிலேயே அடுத்த ஆர்டர் எழுத வேண்டும். "இன்னும் 300 இருக்கிறதே" என்று நினைத்து 100 ஆகும்வரை காத்திருந்தால், ஒரு மாதம் நோயாளிகளுக்குச் சலைன் இராது.

ஆனால் 300 இருக்கும்போதே ஆர்டர் எழுத வேண்டுமானால், அந்த நாளில் கையில் பணம் இருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் மாதத்தில் காணிக்கை நிறைய வரும். ஜூன் ஜூலையில் குறையும். நோயோ காலண்டர் பார்ப்பதில்லை. கட்டடத்துக்கென்றும், புதிய இயந்திரத்துக்கென்றும் குறிப்பிட்டு வந்த பணத்தைச் சலைனுக்கு எடுக்கவும் கூடாது. கிடங்குக்காரனின் இராத்தூக்கத்தைக் கெடுப்பது இதுவே.

கல்வெட்டில் பெயர் வைக்கும் காணிக்கைகளுக்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் காஸ் துணி, பஞ்சு, தையல் நூல், கையுறை, ஆட்டோகிளேவின் ரப்பர் வளையம், லாரி வாடகை ஆகியவற்றில் பெயர் வைக்க இடம் இல்லை. அவை இல்லாமல் கல்வெட்டு வைத்த கட்டடத்தில் ஒரு அறுவைச் சிகிச்சையும் நடவாது.

6. நீங்கள் செய்யக்கூடியது, நாங்கள் செய்ய வேண்டியது

பங்காளர்களுக்கு எங்கள் தாழ்மையான வேண்டுகோள்:

வீட்டில் மீந்த மருந்துகளைச் சேர்த்து அனுப்ப வேண்டாம். பொருளாக எதையும் அனுப்புமுன் ஒரு கடிதமாவது தொலைபேசியாவது செய்து கேளுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கருவி அனுப்ப விரும்பினால், அதன் வோல்ட், உதிரிப் பாகம், பழுது பார்ப்பவர் ஆகிய மூன்றையும் முதலில் எங்களோடு பேசட்டும். கூடுமானால் உங்கள் காணிக்கையில் ஒரு பங்கையாவது "தேவையானதற்கு" என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். சிறிய தொகையானாலும் மாதந்தோறும் வருவது, வருஷத்துக்கு ஒருமுறை வரும் பெரிய தொகையைவிடக் கிடங்குக்கு அதிக உதவி.

எங்கள் கடமை இது: என்ன வேண்டும், எவ்வளவு, எப்போது என்று பவுலைப்போலத் தெளிவாய் உங்களுக்கு எழுதுவோம். வேண்டாததை மோசேயைப்போல மரியாதையோடு வேண்டாம் என்று சொல்லுவோம். வந்ததற்கும் செலவானதற்கும் கணக்கு வைப்போம்.

இந்தக் கடைசிக் கடமையைவிட இரண்டாவதே எனக்குக் கடினமாயிருந்தது. ஆகவே அந்தத் துணிப்பைக்குத் திரும்பி வருகிறேன்.

7. அந்தத் தாயார் மறுபடியும் வந்தார்கள்

அடுத்த வருஷம் அதே தாயார் அதே பையோடு வந்தார்கள். இந்த முறை தெருவில் பல வீடுகளில் கேட்டுச் சேர்த்திருந்தார்கள். பை கனமாயிருந்தது. நான் மௌனமாயிருந்ததன் பலன் அது. என் நன்றியை நம்பி ஒரு முழுத் தெருவையும் அலைந்திருக்கிறார்கள்.

அவர்களை உட்காரவைத்து உண்மையைச் சொன்னேன். போன வருஷத்துப் பைக்கு நடந்ததையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு, "இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்றார்கள்.

எனக்குப் பதில் இல்லை. அவர்கள் மனம் நோகக்கூடாது என்று மறைத்தேன் என்று எண்ணியிருந்தேன். உண்மையில், நன்றி கெட்டவன் என்று என்னை நினைத்துவிடுவார்களோ என்று பயந்தே மறைத்தேன்.

"சரி, என்ன வேண்டும் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். அந்த வாரம் காஸ் துணி குறைவாயிருந்தது. அதைச் சொன்னேன். "அது என்ன விலை?" என்று கேட்டு, புடவை முடிச்சிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார்கள். ரசீது போட்டுக் கொடுத்தேன். அந்தப் பணத்தில் வாங்கிய காஸ் துணி ஒரு வாரத்துக்குள் செலவாகிவிட்டது. எந்த நோயாளியின் காயத்தைக் கட்டியது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கர்த்தருக்குத் தெரியும்.

கொடுக்கிறவர் கேட்டுக் கொடுக்கட்டும். பெறுகிறவர் உண்மையைச் சொல்லிப் பெறட்டும். அப்போது அனுப்பியது வேறு, தேவைப்பட்டது வேறு என்று இராது.

கலந்து பேச:

1. பவுல் மேலங்கி கேட்ட வசனத்தில் எத்தனை விவரங்கள் இருக்கின்றன? நாம் உதவி கேட்கும்போது எவற்றை விட்டுவிடுகிறோம்?

2. காணிக்கை அதிகமானபோது கூடாரத்தின் வேலையாட்களுக்கு என்ன நேர்ந்தது? நம் சபை அனுபவத்தில் இப்படி ஏதாவது உண்டா?

3. அந்தியோகியா சபை செலவைத் தீர்மானிக்கும் உரிமையை யாரிடம் விட்டது? அப்படி விடுவது நமக்கு ஏன் கடினமாயிருக்கிறது?

4. ஒருவருடைய மனம் நோகக்கூடாதென்று நாம் மறைக்கும் உண்மைகள் எவை? அதனால் நஷ்டப்படுவது யார்?

ஜெபக் குறிப்புகள்:

மருந்துகளைச் சோதித்து, எண்ணி, நேரத்தில் கொண்டுசேர்க்கிற மருந்தாளுநர்கள், கிடங்கு ஊழியர்கள், லாரி ஓட்டுநர்களுக்காக ஜெபியுங்கள். பாம்புகளிலிருந்து விஷம் எடுக்கும் இருளர் மக்களின் பாதுகாப்புக்காக ஜெபியுங்கள். ஆப்பிரிக்க மிஷன் மருத்துவமனைகளுக்கு மருந்து தடையின்றிக் கிடைக்கும்படி ஜெபியுங்கள். தெளிவாய்க் கேட்கவும், உண்மையாய்ப் பதில் சொல்லவும் எங்களுக்குத் தைரியம் உண்டாகும்படி ஜெபியுங்கள்.

ஊழியத்தில் உங்கள் சகோதரன்,
மருந்துக் கிடங்குப் பொறுப்பாளர்